மொட்டை அலகும் சாணைக் கல்லும்



இலக்கிய வரிசையில் பேச வந்திருக்கிறேன். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கவிதையுமல்ல, நாவலுமல்ல. இரும்பிலும் மரத்திலும் துளை போடுகின்ற ஒரு சிறு உருக்குத் துண்டு. பட்டறைகளில் அதை 'ட்றில் பிற்' என்பார்கள். இந்த உரையில் நான் அதை அலகு என்றே சொல்லப்போகிறேன். அலகு மழுங்கிப்போனால் அதை எறிந்துவிட்டு இன்னொன்று வாங்காமல், மேசையில் பூட்டிய சாணையில் நாமே தீட்டி எடுப்பது பற்றித்தான் பேச்சு.

இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வானொலிப் பெட்டியின் திருகியில் கை வைக்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். தமிழிலே 'தீட்டு' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. கத்தியைத் தீட்டுகிறோம். ஓவியத்தைத் தீட்டுகிறோம். கண்ணுக்கு மை தீட்டுகிறோம். கட்டுரை தீட்டுகிறோம். உரலில் குற்றிய அரிசியையும் தவிடு போகத் தீட்டுகிறோம். ஓவியனையும் எழுத்தாளனையும் சாணை பிடிப்பவனையும் அரிசி குற்றும் பெண்ணையும் ஒரே சொல்லால் கட்டிவைத்திருக்கிறது நம் மொழி. ஒரு பரப்பின்மேல் அளவறிந்து, பொறுமையோடு, திரும்பத் திரும்பக் கையை ஓட்டுவதுதான் இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் பொது.

வள்ளுவருக்கும் இந்தத் தொழில் தெரிந்திருந்தது. அரம் என்னும் கருவியைக் குறளில் மூன்று இடங்களில் பார்க்கலாம். 567ஆம் குறளில் கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் அரசனுடைய வலிமையைத் தேய்க்கும் அரமாகின்றன. 888ஆம் குறளில் உட்பகை குடியை அராவித் தேய்க்கிறது. 997ஆம் குறளிலோ, அரத்தைப் போன்ற கூர்மை உடையவரும் பண்பு இல்லாவிட்டால் மரத்துக்கு ஒப்பு என்று வருகிறது. முதல் இரண்டிலும் அரம் அழிக்கும் கருவி. மூன்றாவதில் அறிவின் கூர்மைக்கு உவமை. தேய்ப்பதும் கூராக்குவதும் ஒரே செயலின் இரண்டு முகங்கள். எங்கே தேய்ப்பது, எவ்வளவு தேய்ப்பது என்று அறிந்தால் கூர் வரும். அறியாமல் தேய்த்தால் உள்ள கூரும் போகும். நான் இன்று சொல்லப்போவதன் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதன் விளக்கம்.

நான் நயினாதீவைச் சேர்ந்தவன். நாகபூஷணி அம்மன் கோயிலாலும் நாக விகாரையாலும் எங்கள் ஊரை உலகம் அறியும். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுதான் என்று சொல்லும் அறிஞரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. அந்த வழக்கு இன்றைக்கு வேண்டாம். இந்தப் பேச்சுக்கு வேண்டியது, எங்கள் ஊர் ஒரு தீவு என்ற சாதாரண உண்மை மட்டுமே. யாழ்ப்பாண நகரத்து இரும்புக்கடை ஒன்றில் ஓர் அலகு வாங்க வேண்டுமென்றால் முதலில் படகேறிக் குறிகாட்டுவானுக்குப் போகவேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று முப்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டும். பிறகு அதே வழியால் திரும்பவேண்டும். அலகின் விலை சில நூறு ரூபாயாக இருக்கலாம். ஆனால் அதன் உண்மையான விலை ஒரு நாள். கடல் கொந்தளித்தால் இரண்டு நாள்.

இன்னொன்றும் உண்டு. தீவில் இரும்புக்கு ஆயுள் குறைவு. உப்புக்காற்று நட்டையும் போல்ற்றையும் கெட்டியாகப் பிடித்து ஒன்றாக்கிவிடும். சாவி போட்டுத் திருப்பினால் தலை முறியும். உடல் உள்ளே நிற்கும். அதை வெளியே எடுக்கப் பெரும்பாலும் நடுவே துளைக்கவேண்டும். படகு எஞ்சின், நீர்ப்பம்பி, கோயில் கேற், பள்ளிக்கூடக் கதிரை எதுவாயினும் தீவில் திருத்த வேலை பெரும்பாலும் துளை போடுவதில்தான் தொடங்கும். நல்ல அலகு இல்லாதவன் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான்.

நாகபூஷணி அம்மன் கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி என்று விதிக்கிறது. வரலாற்று மாணவர்கள் இதைப் படித்து வணிகத்தையும் கடல்வழியையும் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறொரு நினைப்பு வரும். கல்லில் எழுத்து வெட்டும் உளி சீக்கிரம் மழுங்கும். கொஞ்சம் வெட்டியதும் முனை போகும். ஆகவே எழுத்து வெட்டியவனுக்குப் பக்கத்தில், உளியை உலையில் காய்ச்சி, அடித்து, தோய்ச்சலிட்டுத் தீட்டிக் கொடுக்கும் ஒரு கொல்லன் இருந்திருப்பான். அரசன் பெயர் கல்லில் இருக்கிறது. உளி தீட்டியவன் பெயர் எங்கும் இல்லை. அவன் இல்லாமல் ஓரெழுத்தும் விழுந்திராது.

இனித் துளைக்கு வருவோம்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் கரையில் தோணி கட்டும் ஓடாவியார் ஒருவர் இருந்தார். இளையவர்களுக்காகச் சொல்கிறேன், மரக்கலம் கட்டும் தச்சனை ஓடாவி என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அவரிடம் துறப்பணம் இருந்தது. அகராதிகள் துரப்பணம் என்றும் எழுதும். ஒரு மரத்தண்டின் நுனியில் இரும்பு அலகு. தண்டைச் சுற்றிக் கயிறு. கயிற்றின் இரு முனையும் ஒரு வில்லில். தலையில் ஒரு சிரட்டையை வைத்து ஒரு கையால் அமர்த்திக்கொண்டு, மறு கையால் வில்லை இழுப்பார். தண்டு இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்றுச் சுழலும். துளைக்குத் 'தமர்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. துளைக்கும் கருவி தமரூசி. இந்தச் சொற்கள் இப்போது அகராதியில் மட்டும் இருக்கின்றன.

வில் முன்னும் பின்னும் போவதால் துறப்பணத்து அலகு இரண்டு திசையிலும் வேலை செய்யவேண்டும். அதனால் அதை இரு புறமும் ஒரே மாதிரிச் சாய்த்துத் தீட்டுவார்கள். அது மரத்தை வெட்டுவதில்லை, சுரண்டுகிறது. ஓடாவியார் இரண்டு துளைக்கு ஒரு தடவை அலகைக் கழற்றி, தன் காலடியில் கிடந்த கல்லில் நாலு இழுப்பு இழுப்பார். உதவிக்கு நின்ற பொடியன் ஒருவன் ஒருநாள் மொட்டை அலகோடு பாடுபட்டபோது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "தம்பி, பலவந்தம் பண்ணாதை. அது வெட்டேல்லை, உரசுது. கழட்டிக்கொண்டு வா, தீட்டித் தாறன்."

எங்கள் பேச்சில் மழுங்கியதை மொட்டை என்போம். மொட்டை அலகால் போட்ட துளை அகன்று போகும். அகன்ற துளையில் ஆணி இறுகாது. ஆணி இறுகாத பலகை கடலில் அசையும். அசையும் பலகையின் கலப்பற்று விலகும். பிறகு தண்ணீர் உள்ளே வரும். ஒரு படகில் ஏறியிருக்கும் ஐம்பது பேருடைய உயிருக்கும் ஓர் அலகின் முனைக்கும் இவ்வளவுதான் தூரம். ஓடாவியார் தீட்டுவதில் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் சிக்கனம் மட்டும் அல்ல.

நமது கரைகளில் கட்டிய மரக்கலங்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு ஓர் உதாரணம் எல்லோருக்கும் தெரியும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திச் சென்று 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இதிலே ஒரு சுவையான பொருத்தம் உண்டு. இன்று உலகமெங்கும் உள்ள பட்டறைகளில் இருக்கும் சுருள் அலகும் அதே மசச்சூசெற்ஸில் பிறந்ததுதான். ஈஸ்ற் பிறிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் இருந்த ஸ்ரீபன் மோர்ஸ் என்பவர் 1863இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

மோர்ஸ் செய்தது என்ன? அதுவரை இரும்புக்குத் துளை போட்ட அலகுகள் பெரும்பாலும் தட்டையானவை. ஈட்டி முனை போல அடித்துத் தீட்டியவை. வெட்டிய இரும்புத்தூள் துளைக்குள்ளேயே கிடந்து நெரியும். அடிக்கடி வெளியே எடுத்துத் தட்டவேண்டும். மோர்ஸின் அலகில் உடல் நெடுக இரண்டு சுருள் வாய்க்கால்கள் ஓடுகின்றன. வெட்டுப்பட்ட இரும்பு அந்த வாய்க்கால் வழியே தானாக மேலேறி வெளியே வந்துவிடும். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. உடல் முழுவதும் ஒரே பருமன். வாய்க்கால் முழுவதும் ஒரே சாய்வு. ஆகவே முனை மழுங்கினால் தீட்டலாம். மறுபடி மழுங்கினால் மறுபடி தீட்டலாம். அலகு குட்டையாகுமே தவிரத் துளையின் அளவு மாறாது. வாய்க்கால் முடியும் வரை அதற்கு ஆயுள் உண்டு. சுருள் அலகு தீட்டுவதற்கென்றே பிறந்த கருவி. முதல் கூர் போனதும் அதைக் குப்பையில் போடுவது, ஒரு பக்கம் எழுதிய உடனே கொப்பியை எறிவதற்குச் சமம்.

அடுத்த பெரிய மாற்றம் உருக்கில் வந்தது. பழைய கரி உருக்கு அலகு சூடேறினால் பதம் இழந்துவிடும். தீட்டும்போது முனை முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு ஊதாவாகும், பிறகு நீலமாகும். சுமார் 300 பாகை வெப்பத்திலேயே நீலம் வந்துவிடும். நீலம் ஏறிய முனை பிறகு இரும்பை வெட்டாது. அமெரிக்காவின் பெத்லகேம் உருக்கு ஆலையில் பிரெடரிக் ரெய்லரும் மோன்செல் வைற்றும் கண்ட அதிவேக உருக்கு 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்டது. முனை செந்நிறமாகப் பழுத்த நிலையிலும் அது வெட்டியதைப் பார்த்து மக்கள் வியந்தார்கள். இன்று கடையில் வாங்கும் நல்ல அலகுகள் பெரும்பாலும் அந்த வகை உருக்கே. பொன் நிறத்தில் மினுங்கும் அலகுகளும் உண்டு. அந்தப் பொன்னிறம் மிக மெல்லிய பூச்சு. தீட்டினால் முனையில் அது போய்விடும். அதற்காக அஞ்ச வேண்டாம். உள்ளே இருப்பது நல்ல உருக்கானால் தீட்டிய பின்னும் வேலை செய்யும். உள்ளே இருப்பது மட்டமானதானால் பூச்சு இருந்தும் பயனில்லை. மனிதருக்கும் இது பொருந்தும் என்று நேயர்கள் நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை.

அலகு மழுங்கிவிட்டது என்று எப்படி அறிவது? காதுதான் முதலில் அறியும். நல்ல அலகு அமைதியாக வெட்டும். மொட்டை அலகு கீச்சிடும். பிறகு மூக்கு அறியும், எண்ணெய் புகையும். அடுத்தது கண். கூரான அலகிலிருந்து இரண்டு வாய்க்காலாலும் சுருள் சுருளாக இரும்பு நாடா வரும். மழுங்கினால் நாடா வராது, தூள்தான் வரும். கடைசியாகக் கை அறியும். அமர்த்த வேண்டிய பலம் கூடும். நாலாவது சாட்சி வரும்வரை காத்திருப்பது நல்லதல்ல. துருப்பிடிக்காத உருக்கை மொட்டை அலகால் உரசினால், உரசிய இடம் இன்னும் கடினமாகிப் பிறகு நல்ல அலகையும் உள்ளே விடாது.

இப்போது அலகின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் இரண்டு வெட்டு விளிம்புகள் தெரியும். இவை இரண்டும் சேர்ந்து ஆக்கும் கோணம் பொதுவான வேலைகளுக்கு 118 பாகை. கடினமான உருக்குக்கு 135 பாகை. அளவுகோல் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வைத்தால் நடுவே 120 பாகைப் பள்ளம் வரும். அலகின் முனை அதிலே பொருந்தினால் போதும்.

இரண்டு விளிம்பும் ஒரே நீளமாக, ஒரே சாய்வாக இருக்கவேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகினால் முனை நடுவை விட்டு விலகும். துளை அலகைவிடப் பெரிதாகும். ஓடாவியார் அஞ்சிய அகன்ற துளை இதுதான். சோதிப்பது எளிது. துளைக்கும்போது இரண்டு வாய்க்காலிலும் சமமாக நாடா வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் ஒரு விளிம்பு உழைக்கிறது, மற்றது சும்மா சுற்றுகிறது என்று பொருள்.

ஆனால் பலரும் கவனிக்காத இடம் விளிம்புக்குப் பின்னால் இருக்கிறது. விளிம்பை அடுத்து வரும் பரப்பு மெல்லப் பின்வாங்கிச் சரியவேண்டும். ஏறக்குறைய 8 முதல் 12 பாகை வரை. இதைப் பின்சரிவு என்று சொல்வோம். பின்சரிவு இல்லாவிட்டால் விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள உடல் இரும்பில் முட்டிக்கொண்டு நிற்கும். விளிம்பு இரும்பைத் தொடவே முடியாது. பார்த்தால் கூர், பிடித்தால் கூர், ஆனால் வெட்டாது. பின்சரிவு கூடினால் விளிம்புக்கு முதுகு இல்லாமல் பொரிந்துவிடும். பின்னால் உள்ளது அளவோடு ஒதுங்கிக் கொடுத்தால்தான் முன்னால் உள்ளது வெட்டும். கூர் தீட்டுவது என்றால் முனையைத் தேய்ப்பது என்று எண்ணுகிறோம். உண்மையில் தேய்க்க வேண்டியது முனைக்குப் பின்னால் உள்ள இடத்தை.

மேசைச் சாணையில் கையால் தீட்டுபவர்கள் அலகின் உடலைக் கல்லின் முகத்துக்கு 59 பாகை சாய்த்து, விளிம்பைக் கிடையாகப் பிடிப்பார்கள். கல்லைத் தொட்டவுடன் வால் பக்கத்தை மெல்லத் தாழ்த்துவார்கள். அந்தத் தாழ்த்தலில்தான் பின்சரிவு பிறக்கிறது. பிறகு அலகைப் பாதிச் சுற்றுத் திருப்பி மற்ற விளிம்புக்கும் அதே எண்ணிக்கை, அதே அமர்த்தல். கை பழகுவதற்குக் காலம் எடுக்கும். அதற்காகவே அலகு தீட்டுவதற்கென்று தனிச் சிறு சாணைகள் வந்திருக்கின்றன. அலகை ஒரு கவ்வியில் பூட்டி, முதலில் ஓர் அளவு வாயில் நுழைத்து நீளத்தையும் விளிம்பின் திசையையும் சரிசெய்கிறோம். பிறகு அதைச் சாணை வாயில் நுழைத்துத் திருப்புகிறோம். கோணத்தையும் பின்சரிவையும் கருவி பார்த்துக்கொள்ளும். இரு புறமும் ஒரே எண்ணிக்கையில் திருப்புவது மட்டும் நம் பொறுப்பு. கைப்பழக்கம் இல்லாத ஒருவரும் சிறிது நேரத்தில் ஒரு நல்ல முனையை எடுத்துவிடலாம். இதை இழிவாக நான் நினைக்கவில்லை. ஆனால் கருவியிலிருந்து வெளியே வந்த அலகு சரியா பிழையா என்று சொல்ல, மேலே சொன்ன மூன்றும் தெரிந்த கண் வேண்டும்: கோணம், சமம், பின்சரிவு.

சில எச்சரிக்கைகளும் சொல்லவேண்டும். ஆறு அங்குலச் சாணைக் கல் நிமிடத்துக்கு 2850 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு 22 மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. கண்ணாடி அணியாமல் அதன் முன் நிற்கக்கூடாது. கையுறையும் தொங்கும் துணியும் ஆகாது. கல் பிடித்து இழுத்துவிடும். அலகு வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. புதுக் கல்லைப் பூட்டுமுன் தொங்கவிட்டு மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்னும். வெடித்த கல் மொத்தென்னும். வெடித்த கல் சுழலும்போது சிதறும். கரி உருக்கு அலகானால் அடிக்கடி தண்ணீரில் தோய்த்து எடுங்கள். அதிவேக உருக்கைப் பழுக்கச் சூடேற்றித் தண்ணீரில் போட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். மெல்லத் தொட்டு, ஆறவிட்டுத் தீட்டுவதே நல்லது.

எல்லாக் கூரும் எல்லா வேலைக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பித்தளையில் துளைக்கும்போது மிகக் கூரான விளிம்பு உலோகத்தைக் கவ்விக்கொண்டு உள்ளே பாயும். அலகு முறியும், சில வேளை கையும் நோகும். அதனால் தெரிந்தவர்கள் பித்தளைக்கென்று வைத்த அலகின் விளிம்பைக் கல்லில் ஒரு தடவை தொட்டுச் சற்றே மட்டமாக்கி வைப்பார்கள். வெட்டவேண்டிய பொருளை அறிந்த கூரே கூர். சுவர் துளைக்கும் அலகின் நுனியில் உள்ள கடுந்துண்டைச் சாதாரணச் சாம்பல் நிறக் கல் தின்னாது; அதற்குப் பச்சைக் கல்லோ வைரத்தூள் பதித்த சில்லோ வேண்டும். 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த சிறு அலகுகளைக் கையால் தீட்டுவது பெரும்பாடு. அவற்றைப் புதிதாக வாங்குவதே நல்லது.

நேயர்களே, இவ்வளவு நுணுக்கமும் எதற்கு என்று கேட்டால், என் வாழ்நாளில் இரண்டு தடவை நான் பார்த்ததைச் சொல்லவேண்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை வந்தது. தீவுகளுக்கும் குடாநாட்டுக்கும் இடையே இருந்த வழி அறுந்தது. அந்த ஆண்டுகளில் நான் குடாநாட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். எரிபொருள், சீமெந்து, இரும்பு, பற்றறி என்று தடைப்பட்டவற்றின் பட்டியல் நீண்டது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். இந்த அலைவரிசைகளை அன்று அப்படிக் கேட்டவர்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பட்டறையில் ஒரு தகரப் பேணியில் பதினொரு அலகுகள் இருந்தன. புதிது வர வழியில்லை. மின்சாரமும் இல்லை. கையால் சுற்றும் சாணை ஒன்றில் ஒருவர் சுற்ற, மற்றவர் தீட்டுவார். விவசாயிகளின் நீர்ப்பம்பி, ஆஸ்பத்திரிக் கட்டில், சைக்கிள் எல்லாம் அந்தப் பதினொரு அலகுகளால் திருத்தப்பட்டன. சில அலகுகள் சின்னவிரல் அளவுக்குக் குட்டையாகும் வரை உழைத்தன. அங்கே தீட்டத் தெரிந்தவரைப் பட்டறைச் சொந்தக்காரரே 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவார், வயதில் அவர் இளையவராக இருந்தும்.

இரண்டாவது 2022. அந்த ஆண்டு ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயானது. இறக்குமதிச் சாமான்கள் கடைகளில் அருகின. இம்முறை குடாநாட்டின்மீது தடை எதுவும் இல்லை, போரும் இல்லை. ஆனால் கடையில் நின்ற தொழிலாளிக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் ஒன்று மட்டும் மாறியிருந்தது. 90களில் ஊருக்கு இரண்டு மூன்று பேராவது தீட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். 2022இல் பல பட்டறைகளில் பேணி நிறைய மொட்டை அலகுகள் கிடந்தன. தீட்டத் தெரிந்த கை இல்லை. சாமான் மலிவாகக் கிடைத்த இருபது ஆண்டுகளில் அந்த அறிவு சத்தமில்லாமல் போய்விட்டது. தடை பறிக்காததை மலிவு பறித்துக்கொண்டது.

இப்போது எங்கள் தீவுக்குப் புதிய காலம் ஒன்று வரும் என்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலைக்கு வெளியே டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த தீவுகள். அவற்றுக்குச் சூரிய ஒளியையும் காற்றையும் டீசலையும் சேர்த்த கலப்பு மின்திட்டம் ஒன்றை இந்திய நன்கொடையில் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நல்லதுதான். ஆனால் சூரியத் தகடும் ஒரு சட்டத்தில்தான் நிற்கும். சட்டம் போல்ற்றில்தான் நிற்கும். போல்ற் உப்புக்காற்றில் இறுகும். அன்று அதைத் துளைத்து எடுக்க ஒருவர் வேண்டும். அவர் கையில் கூரான அலகு வேண்டும். அவரைக் குறிகாட்டுவான் படகில் எதிர்பார்த்து இறங்குதுறையில் நிற்கப்போகிறோமா, அல்லது அவர் ஊருக்குள்ளேயே இருப்பாரா என்பதுதான் கேள்வி.

ஆகவே ஆசிரியர்களுக்கும் சனசமூக நிலையத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நூல்நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். அதில் ஒரு சாணையைப் பூட்டுங்கள். இரண்டு கண்ணாடி, ஒரு வாளி தண்ணீர், இரண்டு நட்டு போதும். கிழமைக்கு ஒருநாள் ஊரில் உள்ள மொட்டை அலகுகளையும் அரிவாள்களையும் கத்தரிக்கோல்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தீட்டத் தெரிந்த முதியவர் ஒருவரை உட்காரவைத்து, பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகள் எல்லோரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் பேசும் சொற்களை ஒரு கொப்பியில் எழுதிவைக்கவும் சொல்லுங்கள். துறப்பணம், தமர், தோய்ச்சல், பதம், கலப்பற்று என்று அவர் வாயில் வரும் சொற்கள் அந்தத் தொழிலோடு பிறந்தவை. தொழில் போனால் அவையும் போகும். இலக்கியக்காரருக்கு இதில் உள்ள அக்கறை அதுதான்.

கருவியைக் காசு கொடுத்து வாங்கலாம். அதனோடு வரும் முதல் கூர் கடைக்காரன் தந்தது. சில துளைகளோடு அது முடிந்துவிடும். இரண்டாவது கூரிலிருந்துதான் கருவி நம்முடையதாகிறது.